ஆட்டிசம் உள்ள நாயகன்: மூன்றாவது சந்திப்புக்குப் பின் வரும் மௌனத்தை எப்படி எழுதுவது?

கோட்டோவியன் (கேள்வி)

குறுநாவல் ஒன்றில் பாதி தாண்டியிருக்கிறேன். முக்கியமாக இரண்டே பேர். அவனுக்கு வயது 38, வரைபடங்களில் பிழை பார்க்கும் வேலை. தனக்கு ஆட்டிசம் என்பதே 35 வயதில்தான் தெரியவந்தது. அவளுக்கு 41, மணமுறிவு ஆனவள், இரவு ஷிப்ட் மருந்தாளுநர். விடுமுறை நாளில் வாய் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும், இருவருக்கும் அப்படியொரு தனிமை.

முதல் இரண்டு சந்திப்புகள் அமைதியான இடத்தில், இருவர் மட்டும். மூன்றாவதற்கு அவள் முன்கூட்டிச் சொல்லாமல் அக்காவையும் அத்தானையும் அழைத்து வந்துவிடுகிறாள். கூட்டம் நிறைந்த உணவகம். அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசி எல்லோருக்கும் பிடித்தவனாகிறான். அதன்பின் இரண்டு நாள் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. தன்னைக் கழற்றிவிட்டான் என்றே அவள் முடிவு கட்டுகிறாள்.

படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் 'இவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையே' என்கிறார்கள். நான் எழுத நினைத்தது அதில்லை. அவனே பத்து வரி விளக்கம் சொன்னால் மருத்துவக் கையேடு வாசம் அடிக்கிறது. அந்த இரண்டு நாளில் உள்ளே என்ன நடக்கும், வெளியே என்ன தெரியும், அவள் எதைத் தப்பாகப் புரிந்துகொள்வாள்?

கல்தச்சன்

கோளாறு அந்த இரண்டு நாளில் இல்லை, உணவகக் காட்சியில் இருக்கிறது. அங்கே அவன் படும் பாட்டை வாசகர் பார்க்கவில்லை. அதனால்தான் மௌனம் காரணமில்லாமல் வந்து விழுகிறது.

அந்தக் காட்சியை அவன் பக்கமிருந்து திரும்ப எழுதுங்கள். பக்கத்து மேசைப் பேச்சு, நாற்காலி இழுபடும் சத்தம், மேலே ஓடும் பாட்டு, அக்கா கேட்கும் கேள்வி, நான்கும் அவன் காதில் ஒரே உரத்தில் விழும். மற்றவர்களுக்கு வேண்டாத சத்தம் தானாகப் பின்னுக்குப் போய்விடும். அவன் ஒவ்வொன்றையும் பிடித்துத் தள்ள வேண்டும். அதற்கு மேல் நடிப்பு வேறு: கண்ணுக்குப் பதில் புருவ மத்தியைப் பார்ப்பது, மற்றவர்கள் சிரித்து அரை நொடி கழித்துச் சிரிப்பது, 'நீங்க என்ன பண்றீங்க?' என்று அத்தானைத் திருப்பிக் கேட்க வேண்டும் என மனதுக்குள் குறித்துக்கொள்வது, ஆடத் துடிக்கும் விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வது. மாஸ்க்கிங் என்பது இதுதான். லாரா ஹல் என்ற ஆய்வாளரின் குழு 2019-ல் வெளியிட்ட அளவுகோலில் இதற்கென்றே 25 கேள்விகள் உண்டு. ஈடுகட்டுவது, மறைப்பது, கூட்டத்தோடு ஒட்டிப்போவது என மூன்று பிரிவு. பிரிவுக்கு ஒரு செயல் காட்டினால் போதும், பத்து அடுக்கினால் பட்டியலாகிவிடும். 'ரெண்டு பேர்' என்று ஒத்திகை பார்த்து வந்தவன் நான்கு பேரைப் பார்க்கும் அந்த முதல் நொடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி அந்த இரண்டு நாள். மெல்ட்டவுன் என்றால் வெளியே வெடிக்கும்: அழுகை, கத்தல். இவனுக்கு நேர்வது ஷட்டவுன், உள்ளே முடங்கிப் போவது. சொல்ல வேண்டியது தெரியும், வாய் வராது. விளக்கை அணைத்துவிட்டுக் கனமான போர்வைக்குள் கிடப்பான். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பான். பசியும் தாகமும் உடம்பு சொல்லித் தெரியாமல், தலை சுற்றிய பிறகுதான் தண்ணீர் குடிப்பான். இந்த நிலை சில மணி நேரமும் இருக்கலாம், சில நாளும் இருக்கலாம். ஊடலில் இருப்பவன் எதிராளி கவனிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். இவனுக்கு அந்த ஓரக்கண் கிடையாது. வித்தியாசத்தை அங்கே காட்டலாம்.

ஆனால் முதல் நாள் இரவே ஓரளவு தேறியிருப்பான். அப்புறமும் ஏன் பதில் போடவில்லை? முதல் ஆறு மணி நேரத்தில் 'களைப்பு, நாளை பேசுகிறேன்' போதுமாயிருந்தது. ஒரு நாள் கழிந்ததும் மன்னிப்பும் சேர வேண்டும், ஒன்றரை நாளில் காரணமும் விளக்கமும் சேர வேண்டும். எழுத வேண்டிய செய்தி மணிக்கு மணி நீண்டுகொண்டே போகிறது, தொடங்கும் தெம்பு அந்த வேகத்தில் திரும்புவதில்லை. மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழிக்கட்டும். நெஞ்சில் ஈரம் இல்லை என்ற பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும்.

அரைநிலா

மேலே சொன்னது அவன் பக்கம். அவளை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

2012-ல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் (அவரும் ஆட்டிசம் உள்ளவர்) ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவரின் குறை என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது. 2020-ல் கேத்தரின் க்ராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை எட்டு எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் காதுக்குக் காது கடத்திப் பார்த்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியிலும், யாருக்குமே ஆட்டிசம் இல்லாத சங்கிலியிலும் தகவல் ஒரே அளவு தங்கியது. கலந்த சங்கிலியில்தான் வேகமாகக் கரைந்தது. உங்கள் கதை அந்தக் கலந்த சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

ஆகவே அவளும் தப்பாகப் படிக்க வேண்டும், நியாயமான காரணத்தோடு. அவன் எவ்வளவு நன்றாக நடித்தானோ அவ்வளவு கொடூரமாக அவளுக்கு அந்த மௌனம் தெரியும். 'அக்கா முன்னாடி அவ்வளவு பேசினவனுக்கு எனக்கு ஒரு வரி போட முடியலையா?' இதில் தவறே இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கும் வேலை அவளுடையது, இரண்டு நாளில் அவளுக்கு வேறு பேச்சுத்துணையும் இல்லை.

அவள் அனுப்பும் செய்திகளில்தான் கதை இருக்கிறது. 'பிஸியா?' 'ஏதாவது தப்பா பேசிட்டேனா?' 'சும்மாதான் கேட்டேன்.' 'சரி பரவாயில்ல, விடுங்க.' கடைசி வரியை எந்தத் தமிழ்க் காதும் 'விடாதே' என்றுதான் கேட்கும். அவன் விட்டுவிடுவான். கேட்டுக்கொண்டபடி செய்த நிம்மதியோடு விட்டுவிடுவான்! இரண்டாம் நாள் மௌனத்தில் பாதிக்கு இந்த ஒரு வரியே காரணமாகட்டும். இருவருக்கும் சம பங்கு கிடைத்துவிடும்.

அவனுக்குப் பதில் போட முடிகிற செய்தி எப்படி இருக்கும் என்றால், ஒரே கேள்வி, ஒரு எழுத்தில் முடிகிற பதில்: 'பேச வேண்டாம். நல்லா இருந்தா ஒரு புள்ளி மட்டும் அனுப்புங்க.'

காகிதக்கப்பல்

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அவனை முழுக்கக் குற்றமற்றவனாக்கிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது என்பதால் அவளுக்கு வலிக்காமல் போய்விடாது. 35 வயதில் கண்டறியப்பட்டு மூன்று வருடம் ஆனவனுக்குத் தான் முடங்கிப்போவது தெரியும். அப்போது அனுப்ப முன்பே ஒரு அடையாளச் சொல் பேசி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. சொன்னால் போய்விடுவாள் என்ற பயம்தான். அந்தப் பயமே அவனைக் காதலனாகக் காட்டுகிறது.

ஏன் இத்தனை தாமதமாகத் தெரிந்தது என்று வாசகர் கேட்பார். சிறுவயதில் சரளமாகப் பேசிய பிள்ளை. சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டால் அடம் என்றார்கள். ஒலி, ஒளி, தொடுகைக் கூச்சம் டிஎஸ்எம் என்ற அமெரிக்க மனநலக் கண்டறிதல் கையேட்டின் ஆட்டிச அளவைகளுக்குள் வந்ததே 2013-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான். இரண்டு வரி போதும்.

சமாதானக் காட்சியில் அவள் 'உனக்கு என்ன தோணுது?' என்று கேட்டால் பதில் வராது என்று வையுங்கள். தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தடுமாறுவதை அலெக்ஸிதைமியா என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு. உணர்ச்சி இருக்கும், பெயர் மட்டும் சிக்காது. 'நெஞ்சுக்கு மேல் பக்கம் இறுகுது, நீங்க போன் பண்ணப்போ கொஞ்சம் குறைஞ்சது' என்று சொல்லக்கூடியவன் அவன். 'லவ் யூ'வை விட அந்த வரிக்குக் கனம் அதிகம். அப்புறம், அவனைக் கணக்குப் புலி ஆக்காதீர்கள், அவளை டீச்சர் ஆக்காதீர்கள். புண்ணியமாகப் போகும்.

கோட்டோவியன்

உணவகக் காட்சியைப் பிரித்து மேய்ந்துவிட்டேன், 'விடுங்க' வரியும் உள்ளே போயாயிற்று. இன்னொன்று: சமாதானக் காட்சியில் அவள் அவன் முழங்கையை மெல்ல வருடுகிறாள், அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறேன். சரியா? அதற்கு மேல் காட்சி நகர மாட்டேன் என்கிறது.

கல்தச்சன்

சரிதான், மெல்லிய வருடல் பலருக்கு எரிச்சலாகவோ கூச்சமாகவோ இருக்கும். சொல்லாமல் பக்கவாட்டிலிருந்து வந்தால் இன்னும் மோசம். அழுத்தமான, அசையாத பிடி அதே ஆளுக்கு ஆறுதலாக இருக்கலாம். எல்லோருக்கும் அப்படியில்லை, உங்கள் ஆளுக்கு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கையை இழுத்ததும் அவள் முகம் மாறும். அந்த மாற்றத்தை அவன் ஒரு வரி தாமதமாகக் கவனிக்கட்டும். பிறகு அவனே சொல்லலாம்: 'தடவ வேண்டாம். பிடிச்சுக்கலாம். அழுத்தி.' அடுத்த வரியில், 'நீன்னு கூப்பிடலாமா, இல்ல இன்னும் நீங்கதானா?' என்று கேட்டு வைப்பான். அவளைச் சிரிக்க விடுங்கள், காட்சி தானாக நகரும்.