டேப் ஏற்றச் சொல்லும் செய்தி டேப் அறைக் கன்சோலுக்கு வராதது ஏன்?

உப்பளம்_இரவுப்பணி

வணக்கம். புதுச்சேரியில் உள்ள ஒரு கணினி மையத்தில் 6 மாதங்களாக மெயின்ஃப்ரேம் ஆபரேட்டராகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் இரவுப் பணியின்போது, மாத இறுதி ஜாப் ஒன்று டேப்புக்காகக் காத்திருந்து 40 நிமிடங்கள் அப்படியே நின்றுவிட்டது. டேப் அறைக் கன்சோலின் எதிரிலேயே நான் அமர்ந்திருந்தும் அதில் எந்தச் செய்தியும் வரவில்லை. காலையில் சிஸ்லாகை (கணினியின் செய்திப் பதிவேடு) பார்த்தால், டேப்பை ஏற்றச் சொல்லும் ஐஇசி501ஏ என்ற செய்தி உரிய நேரத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த வரியின் தொடக்கத்தில் 2000000 என்று இருக்கிறது. ஒரு செய்தி எந்தக் கன்சோலுக்குச் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? நான் கவனிக்கத் தவறினேன் என்று பழி வந்திருப்பதால், காரணத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மஞ்சக்குப்பம்_பழையவர்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் குறித்து வைத்திருக்கும் அந்த 2000000 என்ற எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. சிஸ்லாக் வரியின் தொடக்கத்தில் வரும் அந்த 7 இலக்கங்கள், 1 முதல் 28 வரையிலான ரூட்டிங் கோடுகளை, அதாவது செய்தி எதைப் பற்றியது என்று குறிக்கும் எண்களை, பதினாறடிமான எண்ணில் காட்டுபவை. 8 என்று தொடங்கினால் கோடு 1, 4 என்றால் கோடு 2, 2 என்றால் கோடு 3. கோடு 3 என்பது டேப் சாதனங்களைப் பற்றிய செய்திகளுக்கு உரியது. ஆகவே செய்தி சரியான முகவரியுடன்தான் புறப்பட்டிருக்கிறது.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. கடிதத்தில் 607001 என்று எழுதினால் அது கடலூருக்கு மட்டும் வரும். ரூட்டிங் கோடு அப்படிப்பட்டதன்று. டபிள்யூடிஓ (ஆபரேட்டருக்குச் செய்தி எழுதும் வசதி) மூலம் செய்தியை அனுப்பும் நிரல், எத்தனை கன்சோல்கள் இருக்கின்றன என்பதைக்கூடப் பெரும்பாலும் அறியாது. ‘இது டேப் பற்றியது’ என்று மட்டும் அது சொல்லும்; ‘டேப் பற்றியவை எனக்கு வேண்டும்’ என்று பதிவு செய்துள்ள கன்சோல்கள் அனைத்துக்கும் அந்தச் செய்தி செல்லும். அந்தப் பதிவு, பார்ம்லிப் என்ற அமைப்புக் கோப்பகத்தில் கன்சோல்களை வரையறுக்கும் உறுப்பில், ஒவ்வொரு கன்சோலுக்கும் ரவுட்கோடு என்ற அளபுருவாக இருக்கும். தொடக்கக் காலத்தில் 16 கோடுகளே இருந்தன. இப்போது 128 இருக்கின்றன. அவற்றுள் 13 முதல் 20 வரையிலானவை நம்மைப் போன்ற மையங்கள் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. நீங்கள் தட்டிய கட்டளைக்கான பதில் மட்டும் இந்த வழியில் செல்லாமல், கட்டளை வந்த கன்சோலுக்கே நேராகத் திரும்பிவிடும்.

உங்கள் கன்சோலில் கோடு 3 இல்லாமல் போயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. திரையில் செய்திகள் குவிகின்றன என்று யாரேனும் கன்சோலின் அமைப்பை மாற்றும் வேரி கட்டளையில் ரவுட் என்று கொடுத்து 1, 2 ஆகியவற்றை அளித்திருந்தால், அது பழைய பட்டியலுடன் சேராது. பழையதை அழித்துவிட்டு அந்த இரண்டை மட்டும் வைக்கும். சேர்ப்பதற்கு ஏரவுட், நீக்குவதற்கு டிரவுட் என்று தனித்தனியே இருக்கின்றன. இந்த வேறுபாட்டை அறியாமல் நடந்த பிழையை நானே பணிக்காலத்தில் இரண்டு முறை கண்டிருக்கிறேன். டிஸ்ப்ளே கன்சோல்ஸ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கன்சோலின் கோடுகளும் தெரியும்.

லாஸ்பேட்டை_சிஸ்டம்ஸ்

ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கோடு பொருந்தினாலும், அந்தக் கன்சோலின் லெவல் அமைப்பு அந்த வகைச் செய்தியை ஏற்காவிட்டால் அது திரைக்கு வராது. எம்பிஎஃப் என்ற செய்திக் கட்டுப்பாட்டு வசதியின் பட்டியலில் அந்தச் செய்தி எண் அடக்கப்பட்டிருந்தாலும் வராது. அடக்கப்பட்ட செய்தியும் சிஸ்லாகில் பதிவாகும் என்பதால், சிஸ்லாகில் இருப்பதை மட்டும் வைத்து எந்தக் காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

முதன்மைக் கன்சோல் எல்லாக் கோடுகளையும் பெறுகிறதென்றால், செய்தி அங்கே வந்தே இருக்கும். ஆனால் திரையிலிருந்து செய்திகள் நீங்கும் விதத்தைக் குறிக்கும் அதன் டெல் அமைப்பு ஆர் என்று இருந்தால், திரை நிறைந்ததும் செயல் கோரும் செய்திகளும் சேர்ந்தே உருண்டு மறைந்துவிடும். ஆர்டி என்று இருந்தால் அவை நிற்கும், மற்றவை மட்டும் உருளும். செய்தி எண்ணின் கடைசியில் உள்ள ‘ஏ’ என்ற எழுத்து, ஆபரேட்டர் ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதைக் குறிக்கும். அத்தகைய செய்தி அடுத்த முறை மறைந்தால் டிஸ்ப்ளே ஆர் கட்டளையைக் கொடுங்கள். செயல் கோரும் செய்திகளைச் சேமித்து வைக்கும் ஏஎம்ஆர்எஃப் இயங்கிக்கொண்டிருந்தால், நிலுவையில் உள்ளவற்றை அது காட்டும்.

உப்பளம்_இரவுப்பணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பார்த்தேன். டேப் அறைக் கன்சோலில் 1, 2 ஆகிய கோடுகள் மட்டுமே இருந்தன. முதன்மைக் கன்சோலில் எல்லாக் கோடுகளும் இருந்தன, ஆனால் டெல் அமைப்பு ஆர் என்று இருந்தது. மேற்பார்வையாளரின் அனுமதியுடன் ஏரவுட் மூலம் 3-ஐச் சேர்த்தோம். சோதனைக்காக ஒரு சிறிய ஜாப்பை அனுப்பியதும், டேப்பின் எண்ணுடன் செய்தி என் திரையில் வந்து நின்றது. டேப்பை ஏற்றிய பிறகே மறைந்தது. கட்டளையால் செய்த மாற்றம் நிலையானது அன்று என்பதால், பார்ம்லிப் உறுப்பிலும் 3-ஐச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். சிஸ்லாக் வரியையும் அத்துடன் இணைத்திருக்கிறேன்.