யார்க் நகரில் ஒரு நாள், நடந்தே: எந்த நேரத்துக்கு எங்கே போறது?

கோபி_வாய்க்கால்மேடு:

வணக்கமுங்க. மே மாசக் கடைசியில நானும் வீட்டுக்காரம்மாவும் லண்டன்ல மகன் வீட்டுக்குப் போறோம். அங்கிருந்து ரெண்டு பேர் மட்டும் வட இங்கிலாந்துல இருக்கிற யார்க் போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் முழுக்க நடந்தே ஊரைப் பார்க்கலாம்னு இருக்கோம். எட்டு இடம் பத்து இடம்னு ஓடுற எண்ணமில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கணும். அவங்களுக்கு முழங்கால் வலி. சமதரையில எவ்வளவு தூரமும் நடப்பாங்க, படிதான் சிரமம். ரெண்டு பேரும் சைவம், முட்டையும் தொடறதில்லை.

கோட்டைச் சுவர் முழுக்கச் சுத்தணுமா, ஒரு பகுதி போதுமா? மின்ஸ்டர் தேவாலயத்துக்குக் காலையில போறதா, சாயங்காலமா? சாப்பாட்டுல என்ன கவனிக்கணும்? ரயில் டிக்கெட்டுல ஏதும் சலுகை உண்டுங்களா?

நொய்யல்_கரை:

அண்ணா, சுவரை முழுக்கச் சுத்த வேண்டாமுங்க. மொத்தமே 3.4 கிலோமீட்டர்தான், நிதானமா நடந்தா ரெண்டு மணி நேரம். ஆனா ஒரே தொடர்ச்சியா இருக்காது. லெண்டல் பாலத்துகிட்ட, கிளிஃபோர்ட்ஸ் டவர்ங்கிற பழைய கோட்டைக் கோபுரத்துப் பக்கம், கிழக்கே ஃபாஸ் ஆத்தோரம்னு அங்கங்க அறுந்துபோகும். ஒவ்வொரு தடவையும் இறங்கி, ரோட்டுல நடந்து, மறுபடி படியேறணும். கிழக்கே சுவரே இல்லாததுக்குக் காரணம், நார்மன் காலத்துல ஃபாஸ் ஆத்தை அணை போட்டுத் தேக்கினது. அந்த ஏரியும் சேறுமே ஊருக்குக் காவலா இருந்துச்சு. முழங்கால் வலிக்காரங்களுக்கு 3.4 கிலோமீட்டர் பிரச்சினை இல்லை, இந்த ஏறி இறங்குறதுதான் பிரச்சினை.

பூத்தம் பார், மங்க் பார்னு ரெண்டு கோட்டை வாசல் இருக்குது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற துண்டு மட்டும் போதும். ஒரு ஏத்தம், ஒரு இறக்கம். மின்ஸ்டரை இவ்வளவு பக்கத்துல, மரங்களுக்கு மேலாப்புல பார்க்க வேற இடம் கிடையாது. இருபது நிமிஷ நடை, நீங்க நாப்பது எடுத்துக்கங்க. ரெண்டு பக்கமும் கல்படிதான், சரிவுப்பாதை இல்லை. மங்க் பார் படி குறுகல், செங்குத்து. அதனால அங்க ஏறி பூத்தம்ல இறங்குங்க. முழங்காலுக்கு ஏறுறதை விட இறங்குறதுதான் அதிகம் வலிக்கும். சுவரோட உள்பக்கம் பல இடத்துல கைப்பிடி கிடையாது, எதிர்ல ஆள் வந்தா அம்மாவை வெளிப்பக்கம் விட்டுடுங்க. மழை பெஞ்சு ஈரமா இருந்தா ஏறவே வேண்டாம், தேஞ்ச கல்லு வழுக்கும்.

இப்ப நேரம். யார்க்ல ஒரு நாளை வெளிச்சத்தை வெச்சுப் பிரிக்கணுமுங்க, இடத்தை வெச்சு இல்லை. மே கடைசியில அங்க சூரியன் அடையவே ராத்திரி ஒன்பதேகால் ஆகிடும். நிறையப் பேர் இதை மறந்து, ஆறு மணிக்கே ரூமுக்குத் திரும்பிடறாங்க.

காலையில 8 மணிக்கு ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போயிடுங்க. கறிக்கடைத் தெருவா இருந்த இடம். மாடிகள் ஒவ்வொண்ணும் கீழ் மாடியை விட வெளிய நீட்டிக்கிட்டு, எதிர் வீட்டைத் தொடற மாதிரி வரும். கறியில வெயில் படாம இருக்க அது உதவுச்சு. கறி தொங்கவிட்ட கொக்கியும், ஜன்னலுக்குக் கீழ அகலமான பலகையும் இன்னும் சில கடையில இருக்குது. பத்து மணிக்கு மேல இந்தத் தெருவுல நிமிர்ந்து பார்க்கவே முடியாது, அத்தனை கூட்டம்.

9.30 வாக்குல மின்ஸ்டர் திறக்கும். முதல் ஆளா உள்ள போய், நேரா கிழக்குக் கோடிக்கு நடங்க. காலை வெயில் அந்தப் பெரிய கிழக்கு ஜன்னலுக்குப் பின்னாடி இருந்து வரும். மத்தியானம் போனா கண்ணாடி மங்கித்தான் தெரியும். அதை ஜான் தார்ன்டன்ங்கிற கலைஞர் 1405-ல ஆரம்பிச்சு 1408-ல முடிச்சார். ஒரு டென்னிஸ் மைதானம் அளவு, 311 கண்ணாடிப் பலகைகள். மேல உலகப் படைப்பு, கீழ உலக முடிவு. சின்ன பைனாகுலர் இருந்தா கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா மேல் வரிசைப் படமெல்லாம் வெறும் நிறமாத்தான் தெரியும். அப்புறம் வடக்குப் பக்கம் ஐந்து சகோதரிகள்னு பேர் வெச்ச அஞ்சு ஜன்னல், ஒவ்வொண்ணும் 16 மீட்டருக்கு மேல உயரம். நாற்காலி போட்டிருப்பாங்க, உட்கார்ந்தே பாருங்க. கோபுரம் ஏற 275 படி, அது வேண்டாம்.

வெளிய வந்து மின்ஸ்டருக்கு வடக்கால இருக்கிற டீன்ஸ் பார்க் புல்வெளி, அப்புறம் குட்ராம்கேட் தெருவுல வீடுகளுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற ஹோலி டிரினிட்டி சின்னத் தேவாலயம். ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் உட்கார இடமுண்டு. தெருவைப் பார்த்து நிக்கிற லேடி ரோ வீடுகள் 1316-ல கட்டினது.

மத்தியானத்துக்கு மேல மியூசியம் கார்டன்ஸ். செயின்ட் மேரிஸ் மடத்தோட இடிபாடு, பக்கத்துல ரோமானியர் கட்டின பலகோணக் கோபுரம். அந்தக் கோபுரத்துல கீழ்ப்பாதி சின்னக் கல், நடுவுல சிவப்பு ஓட்டு வரிசை: அது ரோமானியர் வேலை. மேல பெரிய கல், அது பல நூறு வருஷம் கழிச்சு ஏத்தினது.

சாயங்காலம் 5.30 வாக்குல மின்ஸ்டர்ல ஈவன்சாங் வழிபாடு நடக்கும், ஞாயித்துக்கிழமைன்னா 4 மணி. பாட்டு வழிபாடு, முக்கால் மணி நேரம், டிக்கெட் கிடையாது, எந்த மதத்தவரும் உட்காரலாம். கால் மணி முன்னாடி போங்க. அது முடிஞ்சு சாப்பிட்டுட்டு 7 மணிக்கு மேல சுவர் ஏறுங்க. அந்த மாசத்துல சாயங்கால வெயில் வடமேற்கில இருந்து அடிக்கும், மின்ஸ்டரோட வடக்குப் பக்கம் மொத்தமும் மஞ்சளா நிக்கும். நடுப்பகல்ல அதே இடத்துல சூரியன் எதிர்ல, கட்டடம் கறுப்பாத்தான் தெரியும். இருட்டுக் கட்டுறப்ப சுவரோட கதவைப் பூட்டிடுவாங்க, அதுக்கு உங்களுக்கு நிறைய நேரமிருக்குது.

சென்னிமலை_தறி:

சாப்பாடு பத்திச் சொல்றேனுங்க. இங்கிலாந்துலயே யார்க்ஷயர்ல இது ரொம்ப முக்கியம்: மீன்-சிப்ஸ் கடைகள்ல நிறைய இடத்துல மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க. உருளைக்கிழங்கு சிப்ஸ் தானேன்னு வாங்கிடாதீங்க. "பீஃப் டிரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா?"ன்னு கேளுங்க. எண்ணெய்னு சொன்னாலும், மீன் பொரிச்ச அதே எண்ணெயான்னு ரெண்டாவது கேள்வியும் கேட்கணும்.

பட்டியல்ல 'வெஜிடேரியன்'னு போட்டிருந்தா கறி, மீன் இல்லைன்னுதான் அர்த்தம், முட்டை இருக்கும். 'வீகன்'னு குறிச்சதுதான் உங்களுக்குப் பத்திரம், அப்புறம் பாலை நீங்களே சேர்த்துக்கலாம். யார்க்ஷயர் புட்டிங் முட்டைமாவு, ஊத்துற கிரேவி பெரும்பாலும் கறிச்சாறு. ஸ்கோன்ங்கிற சின்ன பன் பார்க்கச் சாதுவா இருக்கும், மேல முட்டை தடவிச் சுட்டிருப்பாங்க. சூப்புல காய் மட்டும் தெரிஞ்சாலும் அடி கோழிச்சாறா இருக்கலாம். தோலோட சுட்ட முழு உருளைக்கிழங்கு, மேல பீன்ஸோ சீஸோ போட்டு எல்லா காஃபி ஷாப்புலயும் கிடைக்கும், வயிறு நிறையும். சீஸ்ல சிலது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த ரென்னட்டால உறைய வெச்சது. அது வேண்டாம்னா அதையும் விசாரிங்க.

நேரத்தைத் தவற விட்டுடாதீங்க. காஃபி ஷாப்புல சமையல் மூணு மணிக்கு முன்னாடியே முடிஞ்சுடலாம், அஞ்சுக்குக் கடையே சாத்திடுவாங்க. 11.45-க்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா நெரிசலும் இல்லை. குழாய்த் தண்ணி குடிக்கலாம், மதுவும் விக்கிற கடைகள் கேட்டா இலவசமா தரணும்னு சட்டமே இருக்குது.

பில்லு கட்டறப்ப மெஷின்ல பவுண்டா, ரூபாயான்னு கேட்டா பவுண்டையே அமுக்குங்க. ரூபாய்னா அவங்க வெச்ச மாத்து விலை, கூடுதல் பிடிச்சுக்குவாங்க.

பெருந்துறை_சந்திப்பு:

ரயிலுக்கு உங்களுக்குன்னே ஒரு அட்டை இருக்குதுங்க, 'டூ டுகெதர் ரயில்கார்டு'. ரெண்டு பேர் படமும் பேரும் போட்டு ஒரே அட்டை, விலை 35 பவுண்டு, ஒரு வருஷம் செல்லும், ரெண்டு பேர் டிக்கெட்லயும் மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. அதாவது ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் 105 பவுண்டுக்கு மேல டிக்கெட் எடுத்தா அட்டைக்காசு திரும்பிடும். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல இருந்து யார்க் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு மணி நேரம். போக வரவே அந்தக் கணக்கு ஏறக்குறைய எட்டிடும்.

கட்டுப்பாடு ரெண்டு. ரெண்டு பேரும் ஒட்டுக்காப் பயணம் பண்ணணும், ஒருத்தர் மட்டும் போனா செல்லாது. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் காலை 9.30-க்கு முன்னாடி செல்லாது. முந்தின நாள் மத்தியானமே கிளம்பறதா இருந்தா இது உங்களைத் தொடாது.

'அட்வான்ஸ்' டிக்கெட்தான் மலிவு, ஆனா அது அந்த ஒரு வண்டிக்கு மட்டும். தவறவிட்டா புது டிக்கெட் எடுக்கணும். கிங்ஸ் கிராஸ்ல பிளாட்பார நம்பரைக் கடைசி நேரத்துலதான் போடுவாங்க, பலகை தெரியற இடத்துலயே நில்லுங்க.

இன்னொண்ணு, மே கடைசித் திங்கள் அங்க பொது விடுமுறை, அந்த வாரமே பள்ளிகளுக்கும் லீவு. ரூம் வாடகை ஏறும், தண்டவாள வேலைன்னு வண்டியும் தாமதமாகலாம். முடிஞ்சா அதுக்கு முந்தின வாரத்துல செவ்வாய், புதன்னு வெச்சுக்கங்க.

கனிமார்க்கெட்_ஈரோடு:

நொய்யல்கரைத் தம்பி சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஃபாஸ்கேட் தெருவுல மெர்ச்சன்ட் அட்வென்சரர்ஸ் ஹால்னு ஒரு மாளிகை, 1357-ல கட்ட ஆரம்பிச்சது. கடல் கடந்து துணி வித்த வணிகர்களோட சங்கக் கட்டடம். மேல பெரிய மரக்கூடம் கணக்கு வழக்குக்கு, கீழ ஏழைகளுக்கு மருத்துவசாலை, ஒட்டி ஒரு வழிபாட்டு அறை. வியாபாரம், தர்மம், சாமி மூணையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சிருக்காங்க. கனி மார்க்கெட்ல துணி வாங்கி வித்த கைக்கு அந்தக் கூடம் உடனே புரியும். மரத்தூணைத் தொட்டுப் பாருங்க. வளைஞ்சு நெளிஞ்ச ஓக் உத்திரம், ஒரு அளவுகூட நேரா இருக்காது, இன்னும் நிக்குது. எனக்கு மின்ஸ்டரை விட இதுதான் பெருசு.

கிளிஃபோர்ட்ஸ் டவரைக் கீழ இருந்தே பாருங்க, மேட்டுக்கே நீளமான படி. 1190-ல அந்த இடத்துல சுமார் 150 யூதர்கள் உயிர்விட்டாங்க. அடிவாரத்துல கல்வெட்டு இருக்குது, அதுகிட்ட நின்னு படிங்க.

கோபி_வாய்க்கால்மேடு:

எல்லாருக்கும் நன்றிங்க. நாளை முந்தின வாரப் புதன்கிழமைக்கு மாத்திட்டேன். நாள் முழுக்க மழை புடிச்சுட்டா என்ன பண்றதுங்க?

நொய்யல்_கரை:

காலை மின்ஸ்டர், ஹால் ரெண்டும் அப்படியே இருக்கட்டும், கூரைக்குள்ள தானே. மியூசியம் கார்டன்ஸுக்குப் பதிலா ஸ்டேஷனுக்குப் பின்னால இருக்கிற தேசிய ரயில்வே அருங்காட்சியகம் போயிடுங்க. நுழைவு இலவசம், தரை சமம், கழிப்பறை, உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு. 1938-ல மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடி நீராவி வண்டிகள்ல உலக சாதனை வெச்ச மல்லார்ட் எஞ்சின் அங்கதான் நிக்குது. குடையை விட தலைமூடி வெச்ச மழைக்கோட்டு மேல், அந்தச் சந்துகள்ல ரெண்டு குடை எதிரெதிர்ல வந்தா ஒதுங்க முடியாது. செருப்பு வேண்டாமுங்க, பிடிமானம் இருக்கிற ஷூ போட்டுக்கங்க. ஈவன்சாங் முடிஞ்சு வெளிய வர்றப்ப மழை விட்டிருந்தாலும் கல்லு காயாது, அன்னிக்குச் சுவரை விட்டுட்டு, மறுநாள் காலையில ரயிலுக்கு முன்னாடி ஏறிக்கங்க. 8 மணிக்கே திறந்திருப்பாங்க.