லிங்க்ட்இன்: தெரியாதவருக்கு என்ன எழுதுவது?

மன்னார்குடிக்காரன்: அரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. உணவுத் துறையில் ஆள் பழக்கம் வேண்டுமென்று லிங்க்ட்இன் கணக்குத் திறந்தேன். பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

கும்பகோணத்து அக்கா: தம்பி, பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியை முதலில் நிரப்புங்கள், 220 எழுத்து வரை இடம் உண்டு. 'வேலை தேடுகிறேன்' வேண்டாம். 'நெல் ஈரப்பதம், அரிசித் தரப் பரிசோதனை' என்று போட்டால் தேடுபவர் கண்ணில் படும். அப்புறம் தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களைத் தேடுங்கள். தொடர்பில் இணையச் சொல்லி அனுப்பும் அழைப்போடு இரண்டு வரி போதும்: அவர் எழுதியதில் எது பிடித்தது, நீங்கள் என்ன செய்கிறீர்கள். எடுத்த எடுப்பில் வேலை கேட்காதீர்கள்.

திருவாரூர்வாசி: இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கு வரம்பு உண்டு, பார்த்து. குறுவை அறுவடையில் வரும் ஈர நெல்லை எப்படிக் காயவைக்கிறீர்கள் என்று படத்தோடு எழுதுங்களேன். முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான்!

மன்னார்குடிக்காரன்: சரி அக்கா, தலைப்பை மாற்றிவிட்டேன். தமிழில் எழுதலாமா?

கும்பகோணத்து அக்கா: தாராளமாக. தலைப்பு மட்டும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.