'வாட் எ பிட்டி!' – இதை இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு மாத்தறது எப்பிடிங்க?

கேட்டவர்: லேத்துப்பட்டறை, ஈரோடு

வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கம் சின்னதா லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன். பொண்ணு பத்தாவது, தமிழ் மீடியம். ராத்திரி ஷட்டரை இறக்கிட்டு வந்தா அவகூட உக்காந்து பாடம் பாக்கறது வழக்கம். கணக்கு, சயின்ஸுன்னா ஒரு வழியா ஓட்டிருவேன். இங்கிலீஷ்ல இந்த டைரக்ட், இன்டைரக்ட் வந்துதான் ரெண்டு பேரையும் நிறுத்தி வெச்சிருச்சு.

சாதாரண வாக்கியம், கேள்வி, கட்டளை மூணும் அவளுக்கு வருதுங்க. உணர்ச்சி வாக்கியத்துலதான் வில்லங்கம். நோட்டுல ஒரு ஃபார்முலா எழுதிக் குடுத்திருக்காங்க: சந்தோஷம்னா 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்', துக்கம்னா 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ', 'வாட் எ', 'ஹௌ' வந்தா அதுக்குப் பதிலா 'வெரி'. அவளும் அதையே போட்டு எழுதினா. சிவப்பு மையில சுழிச்சு வந்திருக்கு, ஏன்னு ஒரு வரி இல்லை.

"வாட் எ பிட்டி!" இதுக்கு அவ எழுதினது: ஹி எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ தட் இட் வாஸ் எ வெரி பிட்டி. தப்பாம்.

"ஹௌ ஃபாஸ்ட் ஹி ரன்ஸ்!" இதுக்கு: ஷி எக்ஸ்க்ளெய்ம்ட் தட் ஹௌ ஃபாஸ்ட் ஹி ரேன். இதுவும் தப்பாம்.

"வாட் எ ஹாட் டே இட் இஸ்!" இது ஜாயா சாரோவான்னு என்னையக் கேட்டா. ஈரோட்டு வெயிலுக்கு சாரோதான் கண்ணு, எழுதிக்கோன்னு சொல்லிட்டேன். சரிதானுங்களா?

இந்தப் போன்ல தமிழ் கீபோர்டு மட்டுந்தான் இருக்கு, இங்கிலீஷையும் தமிழ்லயே அடிச்சிருக்கேன். பதில் சொல்றவிங்களும் அப்பிடியே அடிச்சா அவளே படிச்சுக்குவா.

---

பதில்: எஸ்.எஸ்.சி. தோழி

அண்ணா, நான் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசு வேலைக்கான) தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கேன், எங்களுக்கும் இது வரும். சுருக்கமா சொல்றேன். 'ஹி செட்', 'ஷி செட்'னு வர்ற 'செட்'டை எடுத்துட்டு 'எக்ஸ்க்ளெய்ம்ட்' போடணும். மேற்கோள் குறியும் ஆச்சரியக் குறியும் போயிடும், 'தட்' வரும். அலாஸ், ஹுர்ரே, ஓ மாதிரி வார்த்தையெல்லாம் விட்டுடணும். கடைசியா காலம், ஆள், இடம் மாத்தணும். 'தட்'டும் 'ஹௌ'வும் ஒண்ணா வரவே கூடாது, பாப்பா ரெண்டாவதுல விட்டது அதைத்தான். ஷி எக்ஸ்க்ளெய்ம்ட் தட் ஹி ரேன் வெரி ஃபாஸ்ட், இதான் விடை.

'பிட்டி'க்கு 'எ கிரேட் பிட்டி'. ஏன்னு கேக்காதீங்க, மனப்பாடம்!

---

பதில்: ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், நெல்லைப் பக்கம்

ஏன்னு கேக்கத்தான் வேணும் அம்மா. கேட்டாத்தான் மனப்பாடம் குறையும். பட்டறைத் தம்பிக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க.

மொதல்ல அந்த ஜாய், சாரோ விஷயம். வகுப்புல இந்தப் பாடம் எடுக்கும்போது நான் போர்டு பக்கமே போகமாட்டேன். 'அட!'ன்னு ஒரு வார்த்தையை நாலு விதமாச் சொல்லுவேன். எதிர்பாராத ஆளைப் பாத்த அட, ஒருத்தனை மெச்சுத அட, பஸ்ஸை விட்ட அட, 'இவன் கிடக்கான்'ங்கிற அட. பிள்ளையளு ஒவ்வொண்ணுக்கும் சார் என்ன மனசுல சொன்னாருன்னு எழுதணும். ஒருத்தரும் தப்பா எழுதினதில்ல. காதால கேட்டா அவங்களுக்குத் தெரியும். பேப்பர்ல வரும்போது குரல் போயிருதுல்லா, அதைத்தான் 'வித் ஜாய்', 'வித் சாரோ'ன்னு எழுத்தால ஈடு கட்டுதோம். 'அலாஸ்' ஏன் போகுதுன்னா அதோட வேலையை 'வித் சாரோ' எடுத்துக்கிட்டதால. ரெண்டையும் சேத்து எழுதினா ஒரே சம்பளத்தை ரெண்டு தடவை குடுத்த மாதிரி.

அதனால உணர்ச்சி ரெண்டே ரெண்டுன்னு பிள்ளைக்குச் சொல்லிராதீங்க. சர்ப்ரைஸ் இருக்கு, ஆங்கர் இருக்கு, ரிக்ரெட் இருக்கு, ரிலீஃப் இருக்கு, கன்டெம்ப்ட் இருக்கு. ஒண்ணுமே தெரியலைன்னா வெறும் 'எக்ஸ்க்ளெய்ம்ட் தட்' போதும். "வாட் எ ஹாட் டே இட் இஸ்!" அந்த ரகம். ஹி எக்ஸ்க்ளெய்ம்ட் தட் இட் வாஸ் எ வெரி ஹாட் டே. இதுல சாரோவைப் போடாதீங்க தம்பி. சாரோன்னா மனசு கனத்த துக்கம், வெயிலுக்குத் தாங்காது. 'ஓ!' வந்தா மட்டும் பின்னால வார வாக்கியத்தை முழுசாப் படிச்சுட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க. ஓங்கிறது எந்தப் பக்கமும் சாயும்.

இனி 'பிட்டி'. 'வெரி' தனியா நிக்காது. ஹாட், பியூட்டிஃபுல், ஃபாஸ்ட் மாதிரி ஒரு குணத்தை, விதத்தைச் சொல்லுத சொல் பின்னால இருந்தாத்தான் அது நிக்கும். 'பிட்டி' பெயர்ச்சொல். 'வெரி பிட்டி'ன்னு எழுதினா 'மிகப் பரிதாபம்'னு நம்ம காதுக்கு நல்லாத்தான் கேக்கும், இங்கிலீஷ் ஏத்துக்கிடாது. அங்க 'கிரேட்' வரணும்: இட் வாஸ் எ கிரேட் பிட்டி. ஷேம், ரிலீஃப், ஃபூல் எல்லாத்துக்கும் இதே கதைதான். பரிதாபம் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கதால 'வித் சாரோ'வும் தேவைப்படாது. எழுதினாத் தப்புன்னு சொல்லமாட்டேன், நானா இருந்தா எழுதமாட்டேன்.

இன்னொரு ரகம் இருக்கு, அதுக்கு 'வெரி'யும் ஆகாது, 'கிரேட்'டும் எப்பவும் ஆகாது. "வாட் எ நைட்!" நல்ல ராத்திரியா, பொல்லாத ராத்திரியா? புயல்ல மாட்டினவன் சொன்னா 'எ டெரிபிள் நைட்', கல்யாண வீட்டுலயிருந்து வந்தவன் சொன்னா 'எ வொன்டர்ஃபுல் நைட்'. அடைமொழியை நாமதான் சூழ்நிலை பாத்துக் குடுக்கணும். இதை எந்த ஃபார்முலாவும் சொல்லித் தராது, கதையைப் படிக்கணும்.

"வாட் பியூட்டிஃபுல் ஃப்ளவர்ஸ் தீஸ் ஆர்!" மாதிரி பன்மை வந்தா மாத்தும்போது பழக்கத்துல 'எ' போட்டிருவா, கவனிச்சுக்கிடுங்க. தோஸ் வேர் வெரி பியூட்டிஃபுல் ஃப்ளவர்ஸ். 'தீஸ்' இங்க 'தோஸ்' ஆச்சு, அதையும் பாக்கச் சொல்லுங்க. வினையே இல்லாம "ஹௌ லவ்லி!"ன்னு மொட்டையா வந்தா 'இட் வாஸ்' நாமளே சேக்கணும். 'டோல்ட் ஹிம்' பழகின கை 'எக்ஸ்க்ளெய்ம்ட் ஹிம்'னு எழுதும், அது கூடாது. ஆள் வேணும்னா 'எக்ஸ்க்ளெய்ம்ட் டு ஹிம்'.

ஒண்ணு தெரியுமா தம்பி, இந்தக் கணக்கை உங்க பொண்ணு தமிழ்ப் பாடத்துல ஏற்கெனவே போட்டிருப்பா. நேர்க்கூற்று, அயற்கூற்றுன்னு இருக்கும். "ஐயோ! என் பேனா தொலைந்துவிட்டதே!" என்றான் கதிர். அயற்கூற்று: தன் பேனா தொலைந்துவிட்டதாகக் கதிர் வருந்தினான். ஐயோ போச்சு, 'என்' போயி 'தன்' வந்துச்சு, கடைசி ஏகாரமும் போச்சு. அந்தத் துக்கமெல்லாம் 'வருந்தினான்'ல வந்து உக்காந்துக்கிடுச்சு. இங்கிலீஷ்ல: கதிர் எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ தட் ஹி ஹேட் லாஸ்ட் ஹிஸ் பென். வித்தியாசம் ரெண்டு இடத்துலதான். தமிழ்ல 'தொலைந்துவிட்டது' காலம் மாறாம நிக்கி, இங்கிலீஷ்ல 'ஹேவ் லாஸ்ட்' ஒரு படி பின்னால போயி 'ஹேட் லாஸ்ட்' ஆகுது. நமக்கு 'தன்' இருக்கு, அவங்களுக்கு இல்ல. அதனால "வாட் எ ஃபூல் ஐ ஆம்!"னாலும் "வாட் எ ஃபூல் ஹி இஸ்!"னாலும் மாத்தினா 'ஹி வாஸ் எ கிரேட் ஃபூல்'னுதான் வரும். யாரு முட்டாள்னு குழப்பம் வார இடத்துல பேரை எழுதிரணும்.

மொதல்ல தமிழ்ல மாத்தச் சொல்லுங்க. வியந்தானா, வருந்தினானா, பாராட்டினானா, வாழ்த்தினானான்னு வினையைப் பிடிச்சுட்டாள்னா இங்கிலீஷ் வினை தானா வந்துரும். "கங்கிராஜுலேஷன்ஸ்!"னு ஒருத்தன் சொன்னா அதை எக்ஸ்க்ளெய்ம்டுல தொங்க விடவேண்டாம், 'கங்கிராஜுலேட்டட் ஹிம்'. "தேங்க் யூ"வுக்கு 'தேங்க்ட்'. "குட் மார்னிங்"குக்கு 'விஷ்ட்'. "மே யூ லிவ் லாங்!"னு ஆச்சி ஆசீர்வாதம் பண்ணினா 'விஷ்ட் தட் ஹி மைட் லிவ் லாங்'.

---

பதில்: உதவி ஆசிரியர், சென்னை

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. ஒரு சின்னக் குறுக்கீடு மட்டும். நான் இங்கிலீஷ் செய்தி மேசையில் வேலை பார்க்கிறேன். எங்கள் இடத்தில் 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்' என்று எழுதினால் மூத்தவர் அடித்துவிட்டு 'செட்' என்று போடுவார். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமும் இதை அநேகமாகக் கேட்க முடியாது. 'ஹி செட் வாட் எ லவ்லி கார்டன் இட் வாஸ்', 'ஷி டோல்ட் மி ஹௌ டயர்ட் ஷி வாஸ்' என்றுதான் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். 'வாட் எ'யும் 'ஹௌ'வும் அப்படியே இருக்கும், 'தட்' வராது.

அந்தக் கணக்கில் உங்கள் மகள் எழுதியதில் 'தட்' ஒன்றுதான் உபரி. 'ஷி ரிமார்க்ட் ஹௌ ஃபாஸ்ட் ஹி ரேன்' நல்ல இங்கிலீஷ். குழந்தையின் காது சரியாகத்தான் இருக்கிறது, ஊக்கப்படுத்துங்கள்.

---

பதில்: ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், நெல்லைப் பக்கம்

அம்மா சொல்லுதது உண்மை, எனக்கும் அந்த வடிவந்தான் பிடிக்கும். ஆனா விடைத்தாள் திருத்துதவர் கையில விடைக்குறிப்பு ஒண்ணு இருக்கும், அதுல 'தட்'டும் 'வெரி'யும்தான் இருக்கும். ரெண்டு மார்க்குக்காக அவருகூட வாதாட பொண்ணு அங்க இருக்கமாட்டா. பரீட்சைக்கு 'தட் – வெரி', கதை, கடிதம் எழுதும்போது 'ஹௌ'. ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்கிடட்டும்.

தம்பி, நாலு வாக்கியம் தாரேன், எழுதச் சொல்லுங்க.

"ஹுர்ரே! வி ஹேவ் வன் தி மேட்ச்," செட் தி பாய்ஸ்.
"வாட் எ கேட்ச்!" செட் தி கமென்டேட்டர்.
"ஹௌ ஹெவி திஸ் பேக் இஸ்!" செட் மீனா.
"ஹௌ ஐ விஷ் ஐ வேர் எ பேர்ட்!" செட் தி பிரிசனர்.

---

கேட்டவர்: லேத்துப்பட்டறை, ஈரோடு

ரொம்ப நன்றிங்க சார், அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி. தமிழ்ல மாத்திட்டு எழுதுன்னு சொன்னதும் மளமளன்னு போட்டுட்டா. கேட்ச்சுக்கு எந்த அடைமொழின்னு மட்டும் கொஞ்ச நேரம் யோசிச்சா. சேப்பாக்கத்துல மேட்ச் பாக்கறப்ப கூட்டம் என்ன சொல்லும்னு கேட்டேன், உடனே வந்துருச்சு. அவ எழுதினது:

தி பாய்ஸ் எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட் தே ஹேட் வன் தி மேட்ச்.
தி கமென்டேட்டர் எக்ஸ்க்ளெய்ம்ட் தட் இட் வாஸ் எ வொன்டர்ஃபுல் கேட்ச்.
மீனா எக்ஸ்க்ளெய்ம்ட் தட் திஸ் பேக் வாஸ் வெரி ஹெவி.
தி பிரிசனர் விஷ்ட் தட் ஹி ஹேட் பீன் எ பேர்ட்.

மூணாவதுல 'தட் தட்'னு ரெண்டு தடவை வருமேன்னு பயந்துட்டு 'திஸ்'ஸை அப்பிடியே விட்டுட்டாளாம்.

---

பதில்: ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், நெல்லைப் பக்கம்

முதல் ரெண்டும் முழு மார்க். 'வித் ஜாய்'யை கமென்டேட்டருக்குப் போடாம விட்டா பாத்தீங்களா, நல்ல பிள்ளை. கேட்ச்சு எந்த அணிக்குப் போச்சுன்னு நமக்குத் தெரியாதுல்லா.

நாலாவதுல 'விஷ்ட்'ஐப் பிடிச்சது சரி. ஆனா 'ஐ வேர் எ பேர்ட்' நடந்த கதை இல்ல, வெறும் ஆசை. அந்த 'வேர்' கடந்த காலத்தைச் சொல்லல, அதனால பின்னால தள்ளவேண்டாம்: தி பிரிசனர் விஷ்ட் தட் ஹி வேர் எ பேர்ட். அந்த 'ஹௌ'வோட அழுத்தம் வேணும்னா 'ஸ்ட்ராங்லி விஷ்ட்'னு எழுதலாம். 'ஹேட் பீன்' போட்டா எப்பவோ பறவையா இருந்திருக்கலாமேன்னு ஏங்குத மாதிரி ஆயிரும்.

மூணாவதுக்கு 'தட் தட் பேக் வாஸ் வெரி ஹெவி'ன்னு பயப்படாம எழுதச் சொல்லுங்க. முதல் 'தட்' வாக்கியத்தை இணைக்கது, ரெண்டாவது பையைச் சுட்டுதது. கண்ணுக்கு உறுத்துச்சுன்னா 'தட் தி பேக்'னு எழுதினாலும் சரிதான், மார்க் குறையாது.