தறி மோட்டார் திக்குகிறது: எஸ்கெட் ஃபிஃபோ போட்டும் பல்ஸ் தாமதம்

தறிக்காரன், அம்மாப்பேட்டை:
விசைத்தறியில் துணி சுருட்டும் உருளைக்கு ஸ்டெப்பர் மோட்டார் வைத்திருக்கிறோம். ராஸ்பெர்ரி பை 4, 64 பிட் லினக்ஸ், சி நிரல். 1 மில்லிசெகண்டுக்கு ஒரு பல்ஸ் போக வேண்டும். எஸ்டி கார்டில் கணக்கு எழுதும் நேரம் பார்த்து மோட்டார் திக்குகிறது; ஊடை நெருங்கி சேலையில் குறுக்கே கோடு விழுகிறது. எஸ்கெட் ஃபிஃபோ (முன்னுரிமை கூடிய வேலையை முதலில் ஓட்டும் லினக்ஸ் முறை), முன்னுரிமை 80 கொடுத்தாயிற்று. எல்லாம் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரப்படிதான் எழுதியிருக்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

மலைப்பாதை:
எந்தக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்று சொல்லும் யூநேம் கட்டளை என்ன காட்டுகிறது? லூப்பில் எதை வைத்துக் காத்திருக்கிறீர்கள்?

தறிக்காரன், அம்மாப்பேட்டை:
'எஸ்எம்பி ப்ரீஎம்ப்ட்' என்று இருக்கிறது. காத்திருக்க யூஸ்லீப் 1000, அதாவது 1000 மைக்ரோசெகண்ட் தூக்கம்.

மலைப்பாதை:
போசிக்ஸ் தரப்படி என்கிறீர்கள், யூஸ்லீப்பை 2008 பதிப்பிலேயே அதிலிருந்து தூக்கிவிட்டார்கள்! அது 'குறைந்தது இவ்வளவு நேரம்' தூங்கும், அவ்வளவுதான். லூப்பின் வேலை நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் ஏறும். க்ளாக் நானோஸ்லீப்பை டைமர் ஆப்ஸ்டைமோடு போட்டு, அடுத்த பல்ஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நிரலின் நினைவகம் ராமை விட்டு நகராதபடி தொடக்கத்தில் எம்லாக்ஆல்.

அப்புறம், வெறும் 'ப்ரீஎம்ப்ட்' போதாது, நிகழ்நேரக் கெர்னல் என்று காட்டும் 'ப்ரீஎம்ப்ட் ஆர்டி' வர வேண்டும். 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலிலிருந்து அது லினக்ஸின் மூல நிரலிலேயே இருக்கிறது. அந்த விருப்பத்தைப் போட்டு பில்ட் செய்தால் போதும், தனி பேட்ச் வேண்டாம். இன்டரப்ட் (வன்பொருள் குறுக்கிட்டுக் கேட்கும்) வேலைகளில் பெரும்பாலானவை முன்னுரிமைக்குக் கட்டுப்படும் திரெட்டாகிவிடும், சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின்லாக்கும் தூங்கும் பூட்டாகிவிடும். உங்கள் 80 அப்போதுதான் செல்லுபடியாகும். போசிக்ஸ் தரம் ஒரு ஃபங்ஷனின் பெயரையும் நடத்தையையும் சொல்லும். எத்தனை மைக்ரோசெகண்டுக்குள் என்று சொல்லாது.

சூரமங்கலம் சர்க்யூட்:
இவ்வளவு பாடு எதற்குங்க? பல்ஸை ஒரு மைக்ரோகன்ட்ரோலரில் ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் போன்ற சிறிய நிகழ்நேர இயங்குதளத்திடம் விடுங்கள், பை கணக்கு எழுதட்டும்.

மலைப்பாதை:
புதிதாகச் செய்தால் நானும் அப்படித்தான் செய்வேன். மாட்டி ஓடும் தறியில் முதலில் கெர்னலை மாற்றிப் பார்ப்பது மலிவு.

தறிக்காரன், அம்மாப்பேட்டை:
ஆர்டி கெர்னல் ஏற்றி, கார்டில் எழுதவிட்டபடியே, தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டினேன். அதிகபட்சம் 100 மைக்ரோசெகண்டுக்குள் நிற்கிறது. யூஸ்லீப்பையும் மாற்றியாயிற்று. கோடு விழவில்லை. கணக்கு எழுதும் திரெட்டும் பல்ஸ் திரெட்டும் ஒரே மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் பிடிக்கும் பூட்டு) பிடிக்கின்றன, அது பரவாயில்லையா?

மலைப்பாதை:
பரவாயில்லை என்று விடாதீர்கள். அந்த மியூடெக்ஸுக்கு பிரையோ இன்ஹெரிட் போடுங்கள்; பூட்டைப் பிடித்திருக்கும் திரெட்டுக்கு, காத்திருக்கும் திரெட்டின் முன்னுரிமை கிடைக்கும். கார்டில் எழுதும்போது பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. எண்களை நகலெடுத்து, பூட்டை விட்டுவிட்டு அப்புறம் எழுதட்டும்.