புதுப்பிப்பு: வெங்காயம் அழுகிய தோட்டமும் ஆண்டவரின் ஆளுகையும்

மாரி மழையில் யாழ்ப்பாணத்து உடுவில் ஊரிலுள்ள எங்கள் தோட்டத்து வெங்காயம் அழுகியதையும் நகைகள் அடகில் கிடப்பதையும் சொல்லி, "எல்லாம் ஆண்டவர் கையில் என்றால் இது எதற்கு?" என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நகைகள் இன்னும் அடகில்தான். பெரியம்மா ஓர் அந்தர் (சுமார் 50 கிலோ) விதை வெங்காயம் கடனாகத் தந்தார். மண் காய்ந்ததும் நட்டோம், முளைத்திருக்கிறது.

கடவுளின் சித்தமே நடக்குமென்றால் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுவது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வேதாகமத்தில், எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் திரண்டதும் நெகேமியா ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். தன்னை விற்ற சகோதரரின் தீமையைத் தேவன் நன்மையாக்கினார் என்று சொன்ன யோசேப்பும், பஞ்சத்துக்கு முன் 7 வருடங்கள் தானியம் சேர்த்தவர்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் கோடையில் எங்களுக்குத் தண்ணீர். வெங்காயத்தை அழித்ததும் அதே மழை! கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் இப்போது முறையிடும்போது குரல் சற்றுத் தணிந்திருக்கிறது.

"இது உங்கள் பாவத்தின் பலன்" என்று எழுதிய அன்பருக்கு: வேதாகமத்தில் பெருந்துன்பப்பட்ட நீதிமான் யோபுவின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். முடிவில் கடவுளின் கோபம் மூண்டது அவர்கள்மேல்.