செவ்வாய்த் தரையிலிருந்து எடுத்த வால்மீன் படம்: எந்தப் புள்ளி வால்மீன்?

கேள்வி
2014 அக்டோபர் 19 அன்று நாசாவின் செவ்வாய் ஊர்தி ஆப்பர்ச்சூனிட்டி தன் பான்கேம் கேமராவில் எடுத்த சைடிங் ஸ்பிரிங் வால்மீன் படங்களைப் பதப்படுத்திப் பார்க்கிறேன். 50 நொடி எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்). வெளிச்சத்தைக் கூட்டினால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. விண்மீன்கள் குட்டிக் கோடுகளாக இழுபட்டிருப்பதால் பல படங்களை ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கிங் மென்பொருள் அவற்றை ஏற்க மறுக்கிறது. வால்மீனை எப்படி உறுதி செய்வது? வால்மீன் செவ்வாயை இன்னும் நெருங்கி வந்த நேரத்துப் படத்தைத் தேடலாமா?

பதில் 1
கோடு விழுவது கேமராக் கோளாறு இல்லைங்க. செவ்வாய் ஒரு சுற்றுக்கு 24 மணி 37 நிமிடம் எடுக்கிறது. வானம் நொடிக்கு 14.6 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) நகரும். பான்கேமில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 58 விகலை. கேமராவைத் தாங்கும் ஊர்தியின் கம்பத்தால் வானத்தைத் தொடர்ந்து திரும்ப முடியாது. ஆகவே 50 நொடியில் 12, 13 பிக்சல் வரை இழுபடும். எஃப்/20 லென்ஸ், 43 மி.மீ. குவியத் தூரம், ஒளி நுழையும் திறப்பு வெறும் 2 மி.மீ. சொச்சம். அதற்கு 50 நொடி தேவைதான்.

புள்ளிகளைப் பிரிக்க, அடுத்தடுத்த ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே ஃபிரேமில் மட்டும் கூர்மையாக இருந்தால் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வந்து சென்சாரில் மோதிய துகள்). எல்லாவற்றிலும் அதே பிக்சலில் இருந்தால் ஹாட் பிக்சல் (ஒளி படாமலே வெளிச்சம் காட்டும் பழுதான பிக்சல்). ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் கோடாக இருந்தால் விண்மீன். ஓரம் கரைந்து மங்கலாக இருந்து, விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறினால் அதுதான் வால்மீன்.

பதில் 2
நெருங்கிய நேரத்துப் படத்தைத் தேட வேண்டாம். அந்தப் படங்கள் உள்ளூர் நேரம் காலை 4.13 வாக்கில், வால்மீன் மிக நெருங்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு எடுத்தவை. வால்மீன் சுமார் 1,40,000 கி.மீ. அருகே வந்தபோது அங்கே நன்றாக விடிந்துவிட்டது. இருட்டாகவே இருந்தாலும், நொடிக்கு 56 கி.மீ. வேகத்தில் 50 நொடிக்கு 70 பிக்சலுக்கு மேல் ஓடியிருக்கும். வெளிச்சம் அவ்வளவு பிக்சலில் பரவினால் பலன் குறைவு.

இன்னொன்று, இணையத்தில் சட்டென்று கிடைக்கும் ஜேபெக் படம் 8 பிட், அதாவது 256 வெளிச்ச நிலைகள்தான். அழுத்தும்போது 8×8 கட்டங்கள் விழுந்து, வால்மீனைச் சுற்றிய மங்கல் ஒளியை முதலில் அதுதான் தின்னும். நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் மூலக் கோப்பை எடுங்கள்; பான்கேம் பதிவு 12 பிட், அதாவது 4,096 நிலைகள்.

கேட்டவர்
மூலக் கோப்பில் மங்கல் திட்டு தெரிகிறது, நன்றி. ஆனால் இரண்டு ஃபிரேமை விண்மீன்களை வைத்துப் பொருத்தி, 'டார்க்கன் ஒன்லி'யில் (ஒவ்வொரு பிக்சலிலும் இருண்டதை மட்டும் வைக்கும் முறை) சேர்த்தால் காஸ்மிக் புள்ளிகளோடு அந்தத் திட்டும் போய்விடுகிறது!

பதில் 1
போகத்தான் செய்யும். அந்த நேரத்தில் வால்மீன் விண்மீன்களைச் சார்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 பிக்சல் நகர்கிறது. இரண்டு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருக்காது. விண்மீன் பொருத்தம் அடையாளம் காண மட்டும். கோட்டின் ஒரே முனையைக் கையால் குறித்து, இரண்டு விண்மீன்களை வைத்துப் பொருத்துங்கள். அடுத்து அதே ஃபிரேம்களை வால்மீனின் மையத்தை வைத்து மறுபடி பொருத்தி, அங்கே 'டார்க்கன் ஒன்லி' போடுங்கள். மூன்று ஃபிரேமுக்கு மேல் இருந்தால் மீடியன் (வரிசையின் நடு மதிப்பை எடுக்கும் முறை) இன்னும் நல்லது. இரண்டில் மீடியன் என்பது வெறும் சராசரிதான், காஸ்மிக் புள்ளி பாதி வெளிச்சத்தோடு தங்கிவிடும். ஹாட் பிக்சலைப் பொருத்துவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பொருத்தும்போது அது இடம் மாறி விண்மீன் போல ஏமாற்றும்.